கால் மில்லிமீட்டர் வாசல்

மோகனூரிலிருந்து பரமத்தி வேலூர் போகும் வழியில் காவிரி எப்போதும் கண்ணில் படாது. ஆனால் பக்கத்தில்தான் ஓடுகிறது என்பதைக் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் சொல்லிக்கொண்டே வரும். இடையிடையே வெண்டை, கத்தரி, தக்காளி வயல்கள். சில வயல்களைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருப்பார்கள். சிவப்பு, நீலம், வாடாமல்லி என்று வரிசையாகக் காற்றில் ஆடும். மயிலுக்கும் ஆட்டுக்கும் போட்ட வேலி அது. அசையும் துணிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாததால் மயில் தயங்கும். செலவில்லாத நல்ல யோசனைதான்.

அதே வெண்டை வயலுக்குள் இறங்கிப் பார்த்தால் சில செடிகளில் வேறொன்று தெரியும். இலையின் நரம்புகள் மட்டும் மஞ்சளாகியிருக்கும். பச்சைத் துணிமேல் மஞ்சள் நூலால் யாரோ வலை பின்னியதுபோல இருக்கும். நாள் போகப்போக இலை முழுவதும் வெளுக்கும். காயும் வெளிறி, சிறுத்து, நாரேறிப் போகும். மஞ்சள் நரம்புத் தேமல் என்று இதற்குப் பெயர். பம்பாய் மாகாணத்தில் 1924இலேயே பதிவான நோய். நூறு வருடம் ஆகியும் வெண்டை போடுகிறவருக்கு இதுதான் முதல் பயம்.

இந்த நோயைக் கொண்டுவருவது மயிலுக்குக் கட்டிய சேலையின் மேலாகவே பறந்து வரும் ஒரு பூச்சி. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைத் தடுக்க எவ்வளவு நெருக்கமான வேலி வேண்டும்?

ஈ என்று பெயர், ஈ அல்ல

வெள்ளை ஈ என்று சொல்கிறோம். ஈக்களின் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பங்காளி இது. ஊசிபோன்ற வாயை இலைக்குள் இறக்கிச் சாறு உறிஞ்சும். சிறகிலும் உடலிலும் வெள்ளை மெழுகுத் தூள் பூசியிருக்கும். செடியைத் தட்டினால் மாவு பறப்பதுபோல எழும்பி, மறுபடி இலைக்கு அடியிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். 1889இல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியில் கண்டெடுத்துப் பெயரிட்டார்கள். அதனால் அறிவியல் பெயரிலேயே புகையிலை ஒட்டிக்கொண்டது.

அது குடிக்கும் சாறு பெரிய நட்டமில்லை. எச்சிலோடு விட்டுப் போகும் வைரஸ்தான் நட்டம். வெண்டையின் நரம்புத் தேமலுக்கும் தக்காளியின் இலைச்சுருட்டை நோய்க்கும் காரணம் ஒரே பேரினத்து வைரஸ்கள். வட்டமாக வளைந்த ஒரு மரபிழை, அதில் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். மனிதனின் மரபுத்தொகுப்பில் 300 கோடி எழுத்துகள். அதோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டு ஓர் ஏக்கர் வயலைக் கவிழ்த்துவிடும்.

நோயுள்ள செடியில் வெள்ளை ஈ கால் மணியோ அரை மணியோ உறிஞ்சினால் போதும், வைரஸ் உள்ளே போய்விடும். குடலைத் தாண்டி, உடல் நீருக்குள் கலந்து, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அந்த ஈ நோயைச் சுமந்து திரியும். நல்ல செடியில் உட்கார்ந்து இன்னொரு அரை மணி உறிஞ்சினால் நோய் இறங்கிவிடும்.

மருந்து அடித்தும் நோய் நிற்காதது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அடித்த மருந்தில் ஈ சாகலாம். ஆனால் சாவதற்குள் அது உறிஞ்சி முடித்திருக்கும். பக்கத்து வயலிலிருந்து நாளை வரும் ஈக்கும் இதே கதை. பல மருந்துகளுக்கு வெள்ளை ஈ பழகியும் போய்விட்டது. நோய் ஏறிய செடியைக் குணமாக்க மருந்தே கிடையாது. பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். ஆக, ஈயைக் கொன்றால் மட்டும் போதாது. அது இலையில் உட்காராமல் இருப்பதுதான் காரியம்.

இந்தப் பகை எவ்வளவு பழையது என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 752ஆம் ஆண்டில் பேரரசி கோகென் ஒரு கவிதை எழுதினார். கோடையிலேயே ஒரு செடி மஞ்சளாகி நிற்பதைப் பற்றிய கவிதை அது. அந்தச் செடி இனத்தை ஆராய்ந்த அறிவியலாளர்கள், வெள்ளை ஈ பரப்பும் இதே வகை வைரஸ்தான் அந்த மஞ்சளுக்குக் காரணம் என்று 2003இல் கண்டுபிடித்தார்கள். எழுத்தில் பதிவான தாவர வைரஸ் நோய்களில் மிகப் பழையது அதுவே என்று கருதுகிறார்கள். பேரரசி அதை இலையுதிர்காலத்தின் முன்னறிவிப்பு என்று நினைத்திருக்கலாம். அடி இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்திருக்கும்.

ஆற்றுக்கு அக்கரையில்

மோகனூரிலிருந்து பாலம் தாண்டினால் வாங்கல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கரூர். பேருந்துக் கூண்டுக்கும் கைத்தறிக்கும் பேர்போன கரூருக்குக் கொசுவலை ஊர் என்றும் ஒரு பெயர் உண்டு. பாலிஎத்திலீனைப் பொடிமணிகளாக வாங்கி, உருக்கி, மெல்லிய ஒற்றை இழையாக இழுத்து, தறியில் ஏற்றிக் கொசுவலையாக்குகிறார்கள். நம் வீட்டுக் கட்டிலுக்கும் அது வரும், மலேரியா வாட்டும் நாடுகளுக்கும் போகும். பயிருக்கான பூச்சி வலையும் இதே இழைக் குடும்பம்தான். வெயிலில் பொடியாகாமலிருக்க அதில் புறஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்த்திருப்பார்கள்.

அப்படியானால் கொசுவலையையே வெண்டைக்கு மேல் போட்டுவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வழக்கமான கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள். அதாவது ஒரு கண்ணின் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கொசுவின் உடல் அதைவிட மெல்லியதுதான். ஆனாலும் சிறகையும் நீண்ட கால்களையும் விரித்துப் பறந்து வருவதால் மாட்டிக்கொள்கிறது. வெள்ளை ஈயின் மார்புப் பகுதியோ 0.24 மில்லிமீட்டர்தான். கொசுவலையின் ஒரே கண்ணில் ஏழு ஈக்கள் தோளோடு தோள் சேர்ந்து நுழையலாம்.

கடையில் போய்ப் பூச்சி வலை கேட்டால், "எத்தனை மெஷ்ஷுங்க?" என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். கொசுவலையின் 156 என்பது சதுர அங்குலத்துக்கான எண்ணிக்கை. பயிர் வலையின் 50 மெஷ் என்பது ஒரு அங்குல நீளத்தில் 50 கண் என்று பொருள். குறுக்கே பெரும்பாலும் 25 இருக்கும். 50ஐ 25ஆல் பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு 1,250 கண்கள். பெரிய எண்ணுள்ள கொசுவலைதான் நெருக்கம் என்று நினைத்தால் தலைகீழாகிவிடும். இன்னொரு குழப்பம் பச்சை நிற நிழல்வலை. அதில் 50 என்று போட்டிருந்தால் பாதி வெயிலை மறைக்கும் என்று அர்த்தம். பூச்சிக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. வெள்ளை ஈ அதற்குள் கல்யாண ஊர்வலமே நடத்தும்.

50 மெஷ் வலையின் ஒரு கண்ணை அளப்போம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 50ஆல் வகுத்தால் ஒரு கண்ணுக்கும் அதன் இழைக்கும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 0.51. இழையின் தடிமன் 0.24 என்று கொண்டால் மிஞ்சும் வாசல் 0.27 மில்லிமீட்டர். ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்.

வெள்ளை ஈ 0.24, வாசல் 0.27. அளவுப்படி பார்த்தால் அது நுழைந்துவிடலாம்! இடைவெளி 0.03 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் நடைமுறையில் இந்த வலை பெரும்பாலான ஈக்களை வெளியே நிறுத்திவிடுகிறது. ஈ என்பது வெறும் மார்பு மட்டுமல்லவே. கூரைபோல மடித்த சிறகு, ஆறு கால்கள், உணர்கொம்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்க வேண்டும். தவிர, நுழைய முடியுமா என்று அது அளவெடுத்துப் பார்ப்பதில்லை. தட்டுப்பட்டால் வேறு பக்கம் எழும்பிவிடும். சில ஈக்கள் எப்படியும் உள்ளே வரும். இழை நகர்ந்து ஒரு கண் விரிந்திருந்தால் அங்கேயே வழி.

இலைப்பேன் இன்னும் ஒல்லி, மார்பு 0.19 மில்லிமீட்டர். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களைக் கருக்கிய பூச்சி ஓர் இலைப்பேன்தான். அந்தச் சாதிக்கு 50 மெஷ் பெரிய தடையல்ல. அதற்கும் சேர்த்து இன்னும் நெருக்கமாகப் பின்னிவிட வேண்டியதுதானே? அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குமுன் ஈயின் கண்ணைப் பார்த்துவிடலாம்.

வானம் என்றால் பற, மஞ்சள் என்றால் இறங்கு

வெள்ளை ஈயை இரண்டு விதமான ஒளி ஆட்டிவைக்கிறது என்று 1962இலேயே காட்டியிருக்கிறார்கள். ஒன்று புறஊதா, நீலப் பக்கம். அது வானத்தின் ஒளி. அதைக் கண்டால் ஈ எழும்பிப் பறக்கும். மற்றொன்று மஞ்சள். இளந்தளிரின் ஒளி. அதைக் கண்டால் இறங்கி உட்காரும். வயலில் தொங்கவிடும் மஞ்சள் ஒட்டுப்பொறி இந்த இரண்டாவது ஆசையைத்தான் பயன்படுத்துகிறது. தளிரென்று நம்பி இறங்கினால் பசை.

1990களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் முதல் ஆசையைக் கையில் எடுத்தார்கள். புறஊதாக் கதிரை விழுங்கிவிடும் பொருளை வலையின் இழையிலும், செடி வளர்க்கும் குடிலின் கூரைத் தாளிலும் சேர்த்தார்கள். நம் கண்ணுக்கு அந்தக் குடில் சாதாரணமாகவே தெரியும். புறஊதாவைப் பார்க்கிற ஈயின் கண்ணுக்கோ உள்ளே இருட்டறை. வழி கிடைத்தாலும் உள்ளே போகத் தோன்றவில்லை. நுழைந்த ஈக்களின் எண்ணிக்கையும் தக்காளியில் வைரஸ் நோயும் வெகுவாகக் குறைந்தன. வலைக் கண்ணின் அளவு அப்படியே இருக்க, ஈக்கு அதன் வழியே போகும் விருப்பம்தான் போய்விட்டது.

சேலை வேலியில் மயில் தயங்குவதும் இப்படித்தான். துணியைத் தாண்டிப் பறக்க அதற்குச் சிறகில்லையா என்ன?

அசையாத விளக்கு

இப்போது, நெருக்கமாகப் பின்னுவதில் இருக்கும் அந்தச் சிக்கல். மோகனூரில் காவிரிக் கரையில் அசலதீபேஸ்வரர் கோயில் இருக்கிறது. அசலம் என்றால் அசையாதது. கருவறையில் எரியும் தீபத்தின் சுடர் காற்றுக்கு அசையாது என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஆற்றங்கரையில் காற்றுக்கு என்ன பஞ்சம்? அந்தச் சுடரை நினைத்தபோது எனக்கு வலைக்குடில்தான் ஞாபகம் வந்தது. கருவறைக்கு வாசல் ஒன்றே. காற்று ஓர் இடத்துக்குள் நுழைய வேண்டுமானால் அது வெளியேறவும் வழி வேண்டும். வழி இல்லாத அறையின் வாசலில் காற்று முட்டி நிற்கும். உள்ளே சுடர் நேராக நிற்கும்.

சுடருக்கு அது நல்லது. தக்காளிக்கு அல்ல. நாலு பக்கமும் மேலும் 50 மெஷ் வலை போட்டு மூடிய குடிலைக் கணக்கிடுவோம். ஒவ்வொரு கண்ணும் 0.27க்கு 0.78 மில்லிமீட்டர். இழைகள் அடைத்த இடத்தைக் கழித்தால் வலையில் திறந்திருப்பது ஏறத்தாழ 41 சதவீதம்தான். அந்த 41இலும் காற்று தாராளமாகப் போவதில்லை. இவ்வளவு சிறிய வாசலில் காற்று இழைகளில் உரசி உரசியே வேகத்தை இழக்கும். கொஞ்ச நாளில் தூசியும் பாசியும் படிந்தால் இன்னும் அடைபடும்.

நாமக்கல் சமவெளியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். உள்ளே அதைவிட ஏறும். 35 டிகிரிக்கு மேல் போனாலே தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். இலை விட்ட ஈரம் வெளியேறாமல் தேங்கினால் பூஞ்சாண நோய் வரும். ஈக்குப் பயந்து பூட்டிய வீட்டில் செடிக்கே மூச்சு முட்டும். அதனால்தான் குடிலை உயரமாகக் கட்டுவது, சூடான காற்று மேலே போக உச்சியில் திறப்பு விட்டு அதற்கும் வலை போடுவது, நீளப்பக்கத்தைக் காற்றுக்கு எதிராகவே வைப்பது என்று இத்தனை ஏற்பாடுகள்.

பூச்சி எல்லாம் பகையல்ல

வலையின் கண்ணுக்குத் திருடன் யார், விருந்தாளி யார் என்று தெரியாது.

தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவை பெரும்பாலும் தம் பூவின் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தக்காளிப் பூவுக்கு ஓர் ஆட்டம் மட்டும் வேண்டும். வெளியில் காற்று ஆட்டும். குடிலுக்குள் கொடிக்கயிற்றைக் காலையில் தட்டிவிடலாம். பந்தல் காய்கள் கதை வேறு. புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இடையில் தூது போகத் தேனீயோ அந்துப்பூச்சியோ வந்தாக வேண்டும். வலைக்குள் வைத்துப் பூட்டினால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அதை நோயென்று நினைத்து மருந்து வாங்கப் போகிறவரும் உண்டு.

வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டும், அதன் குஞ்சுக்குள்ளேயே முட்டையிட்டு அழிக்கும் நுண் குளவிகளும் வலைக்கு வெளியே நிற்கும். தப்பித்தவறி நாலு ஈ உள்ளே போய்விட்டால் எதிரியே இல்லாத ஊர் அது. நம் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை. ஒரு தாய் ஈ நூறு முட்டைக்கு மேல் வைக்கும். வலைக்குடிலுக்கு இரட்டைக் கதவு வைப்பது இதற்காகத்தான். முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

மண்ணையும் மறக்கக்கூடாது. பழ ஈயின் புழு பழுத்த காயிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். போன முறை பாகல் போட்ட இடத்தில் இந்த முறையும் பாகல் நட்டு வலை போர்த்தினால், ஈக்கள் வலைக்கு அடியிலிருந்தே பிறந்து வரும். இலை வலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்துப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே முட்டையிட்டுவிடும். அதற்குத்தான் கம்பியையோ மூங்கில் பிளாச்சையோ வளைத்து ஊன்றி, வலையை இலையிலிருந்து எட்ட நிறுத்துகிறார்கள். பெரிய கண்ணுள்ள நைலான் பறவை வலையில் வேறொரு பாவம். எலி பிடிக்க வந்த சாரைப்பாம்பு சிக்கிக்கொள்ளும். வலை போட்டவர் காலையில் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது.

எப்போது மூடுவது

ஓட்டையைச் சிறிதாக்கினால் காற்று போகிறது, தேனீ போகிறது, பொறிவண்டு போகிறது. பெரிதாக்கினால் ஈ வருகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் ஓட்டை கிடையாது. இதற்கு விடை ஓட்டையின் அளவில் இல்லை, எப்போது, எங்கே மூடுகிறோம் என்பதில் இருக்கிறது என்பதை உலகத்தின் பல மூலைகளில் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் முட்டைக்கோசுப் பாத்திகளுக்குக் கொசுவலையைப் போர்த்தி ஆய்வு செய்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். கோசைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி இரவில் நடமாடுவது. எனவே இரவில் மூடி, பகலில் திறந்துவிட்டார்கள். பகலில் காற்றும் வந்தது, நல்ல பூச்சிகளும் வந்தன. மருந்தும் மிச்சமானது. கனடாவில் கோசு வேரைத் தின்னும் ஈ தரையை ஒட்டியே பறப்பதைக் கவனித்து, சுமார் ஒரு மீட்டர் உயர வலையை வேலியாக மட்டும் நிறுத்தி, மேல் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட்டார்கள். ஏறி வந்த ஈ மடிப்பில் மாட்டிக்கொண்டது. மேலே திறந்தே கிடந்தது. நம் சேலை வேலியின் தூரத்து உறவு.

நம் ஊரில் வெள்ளை ஈக்கு இதே கணக்கை நாற்றுப் பருவத்தில் போடலாம். வைரஸ் எந்த வயதில் தாக்குகிறது என்பதுதான் எல்லாம். முளைத்த முதல் சில வாரங்களில் ஏறினால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்க முடியாது. காய்ப்பு தொடங்கியபின் வந்தால் இழப்பு எவ்வளவோ குறைவு. அந்த முதல் வாரங்களில் செடிக்குப் பூவில்லை, தேனீ தேவையில்லை. ஓர் ஏக்கருக்கான தக்காளி நாற்றும் வீட்டுத் திண்ணையளவு இடத்தில் அடங்கிவிடும். தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் விதை போட்டு, 50 மெஷ் வலைக்குள் 25 நாள் வளர்த்து நட்டால், வயல் முழுவதையும் மூடும் செலவில்லாமல் செடியின் மிக ஆபத்தான பருவம் தாண்டிவிடும். நட்ட வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ கம்போ முன்கூட்டியே விதைத்து வைத்தால், காற்றோடு வரும் ஈக்கு அது உயிர்வேலி. கொடிக்காலுக்கு அகத்தி நட்டுப் பழகிய கைக்கு இதொன்றும் புதிதல்ல.

பந்தல் காய்க்கும் இதேதான். நாற்று வலைக்குள் வளரும். நட்டபின் கொடி கயிற்றைப் பிடிக்கும்வரை குழிக்கு மேல் ஒரு சின்ன வலைக்கூடு நிற்கும். கொடி பந்தலைத் தொட்டதும் கூட்டைப் பிடுங்கி, தூசி தட்டி, அடுத்த பட்டத்துக்குச் சுருட்டி வைத்துவிடலாம்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் புடலைப் பந்தலுக்கு அடியில் போய் நில்லுங்கள். வெயில் இறங்கியபின் புடலம்பூ விரியும். வெள்ளை இதழ்களின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, பின்னி முடிக்காமல் விட்ட வலைபோல இருக்கும். இருட்ட ஆரம்பித்ததும் அந்த நூல்களைத் தேடி அந்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாக வரும். ஒரு மாதத்துக்குமுன் சிறகுள்ள எதையும் கிட்டே விடாமல் காத்த கொடி அது.